மேல்மலைப் பிள்ளைகளும் இணையமும்: சனிக்கிழமைதோறும் வரும் கேள்விகள்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டி மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று போகிற மேல்மலை ஊர்களில் ஒன்று எங்களுடையது. சனிக்கிழமை மதியம் ஊர் நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் கூடுவார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் இருக்கும், கல்லூரிப் பிள்ளையும் இருக்கும். போனில் தமிழ் எழுதுவது முதல் வந்த மிரட்டலை என்ன செய்வது என்பதுவரை அங்கேதான் பேசுவோம். சில வாரம் அம்மாக்கள் வருவார்கள், அபூர்வமாக அப்பாக்களும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் யார் என்று தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

"டிஜிட்டல் பொதுவெளி" என்கிறீர்களே அக்கா, ரீல்ஸ் போடுவதையா சொல்கிறீர்கள்?

ரீல்ஸும் அதில் சேர்த்திதான், ஆனால் அது ஒரு மூலை. ஊர்க் காரியம் எங்கே பேசப்படுகிறது? டீக்கடை பெஞ்சில், கோயில் மந்தையில், பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில். அங்கே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். நாம் தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாக நடந்து போவோம், உட்கார மாட்டோம். இப்போது அந்தப் பேச்சில் பாதி வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. பூண்டு விலை, வராத பஸ், தோட்டத்தில் இறங்கிய காட்டெருமை, சரிந்த ரோடு, எல்லாம் அதில்தான். எங்கள் ஊர்க் குழுவில் இருக்கிற பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் வாய் திறந்து எழுதுகிறவர்கள் இன்னும் குறைவு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கொடைக்கானல் என்று தேடிப் பாருங்கள். தலையில் துண்டு கட்டிய அம்மாக்கள், விறகுச் சுமை, ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகளின் சிவந்த கன்னம் என்று நம் ஆட்கள்தான் வரிசையாக வருகிறார்கள். யார் பெயரும் இல்லை, யாரையும் கேட்டு எடுத்ததும் இல்லை. இணையத்தில் நம்மைப் பார்க்கிறவர்கள் ஏராளம். நாம் சொல்லி யாரும் கேட்டதில்லை. இந்தச் சனிக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்ததே அதனால்தான்.

வீட்டில் ஒரே போன். அதுவும் அண்ணன் கையில். நான் என்ன செய்ய முடியும்?

இது உன் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். தமிழ்நாட்டில் ஆமாம் என்று சொன்ன ஆண்கள் 70.8 சதவீதம், பெண்கள் 46.9 சதவீதம். நாடு முழுவதுமாகப் பார்த்தால் ஆண்கள் 57.1, பெண்கள் 33.3. ஒரே வீட்டுக்குள், ஒரே அடுப்பங்கரைக்குள் இருக்கிற இடைவெளி இது.

போன் பொதுவாக இருந்தாலும் மெயில் முகவரி உன்னுடையதாக இருக்கட்டும். அதை நூலகக் கம்ப்யூட்டரிலோ பள்ளி ஹைடெக் லேபிலோ திறந்துகொள்ளலாம். வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்ய மறக்காதே. போனுக்கு வீட்டில் ஒரு நேரம் பேசி வைத்துக்கொள். "எப்பவாவது குடு" என்று கேட்டால் கிடைக்காது. "ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை எனக்கு" என்று கேட்டால் கிடைக்கும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள்.

அப்புறம் ஓ.டி.பி., அதாவது வங்கி போனுக்கு அனுப்புகிற ஒருமுறைக் கடவு எண். அது யார் நம்பருக்கு வருகிறது என்று பார். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேலே படிக்கப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. எங்கள் ஊரில் அந்தப் பணம் வாங்குகிற ஒரு பிள்ளை, தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மாமாவுக்குப் போன் போட வேண்டியிருந்தது. வங்கிக் கணக்கில் பதிந்திருந்தது அவர் நம்பர். பணம் அவளுடையது, மெசேஜ் அவருக்கு. சொந்தமாக ஒரு சிம் வாங்கி, வங்கிக்கு நேரில் போய் நம்பரை மாற்றிய அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பொதுவெளி, பங்கேற்பு என்று பெரிய வார்த்தை பேசுகிறோமே, அது இப்படி ஒரு நம்பரை மாற்றுவதில்தான் ஆரம்பிக்கிறது.

சிக்னலே கிடைக்காத ஊரில் இதெல்லாம் எதற்கு?

எங்களுக்கும் கோயிலுக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறினால்தான் நிம்மதியாகக் கிடைக்கும். ஆனால் எழுதுவதற்குச் சிக்னல் வேண்டாம். போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கொடைக்கானலுக்கோ பெருமாள்மலைக்கோ போகிற நாளில் ஏற்றுங்கள். பாறைக்குத் தனியாகப் போகாதீர்கள். மூடுபனி இறங்கினால் காட்டெருமை பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது.

எத்தனை வயதில் கணக்குத் தொடங்கலாம்?

இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் மூன்றும் குறைந்தது 13 வயது என்று வைத்திருக்கின்றன. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லாரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

பிள்ளைகள் செய்கிற தவறு ஒன்றைச் சொல்கிறேன். பெரிய ஆள் மாதிரி காட்டிக்கொள்ளப் பிறந்த வருடத்தை மாற்றிப் போடுகிறார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து இந்தியாவிலும் இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கிறது. தெரியாதவர்கள் நேராக மெசேஜ் அனுப்ப முடியாது. 16க்குக் கீழ் என்றால் அதைத் தளர்த்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். 21 வயது என்று போட்ட 14 வயதுப் பிள்ளைக்கு இந்த வேலி எதுவும் இல்லை. நம் கையாலேயே வேலியைப் பிடுங்கிப் போடுகிறோம்.

சொந்தப் பெயரில் எழுதுவதா, வேறு பெயரிலா?

வேறு பெயரில் எழுதுவது ஏமாற்று வேலை என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி இல்லை. 2009இல், பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கிலிருந்து பிபிசி உருது தளத்தில் "குல் மக்காய்" என்ற பெயரில் நாட்குறிப்பு எழுதிய மலாலாவுக்கு அப்போது 11 வயது. நம் பக்கத்தில் துவரங்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்ட ஒரு பெண், வீட்டாருக்குத் தெரியாமல் கவிதை எழுதி, சல்மா என்ற பெயரில் வெளியிட்டார். 2001இல் அவரே பொன்னம்பட்டிப் பேரூராட்சியின் தலைவராகவும் வந்தார். புனைபெயர் அவரை மறைத்து வைக்கவில்லை, வெளியே வர நேரம் வாங்கிக் கொடுத்தது.

என் யோசனை இது: 18 வயது வரை ஊர்ப் பெயர், பள்ளிப் பெயர், முழுப் பெயர் மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்துப் போடாதீர்கள். பரிசு வாங்கினால், போட்டியில் ஜெயித்தால், செய்தியில் வந்தால் அங்கே சொந்தப் பெயர் வரட்டும். அதை மறைக்க வேண்டியதில்லை.

முகம் காட்டாமல் ஏதாவது செய்ய முடியுமா?

நிறையச் செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

2018 அக்டோபர் 2 அன்று இயற்பியல் நோபல் பரிசு அறிவித்தார்கள். பரிசு பெற்றவர்களில் கனடாவைச் சேர்ந்த டோனா ஸ்ட்ரிக்லேண்டும் ஒருவர். இயற்பியலில் அந்தப் பரிசை வாங்கிய மூன்றாவது பெண் அவர். அன்று காலை ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிக் கட்டுரை கிடையாது. சில மாதங்களுக்கு முன் ஒருவர் எழுதிக் கொடுத்ததை, போதிய சான்று இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெரார் மூருவுக்குப் பல வருடங்களாகவே கட்டுரை இருந்தது. நோபல் வாங்குகிற விஞ்ஞானிக்கே இந்த நிலை என்றால், மேல்மலையில் விதைப்பூண்டு பொறுக்குகிற பாட்டியைப் பற்றி யார் எழுதுவார்கள்?

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதில் கிராமங்களைப் பற்றிய கட்டுரைகள் பல, பஞ்சாயத்து விவரத்தோடு நின்றுவிடுகின்றன. அதைத் திருத்த முகமும் வேண்டாம், சொந்தப் பெயரும் வேண்டாம். எங்கள் பிள்ளை ஒருத்தி கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிப் படித்துவிட்டு, "விதைப்பூண்டைப் பொறுக்கிப் புகையில் கட்டித் தொங்கவிடுவது பெண்கள்" என்று ஒரு வரி சேர்த்தாள். மறுநாள் அந்த வரியைக் காணோம். சான்று தேவை என்று எடுத்திருந்தார்கள். "எங்கம்மாதான் சான்று" என்று அழுதாள். அழுததில் நியாயம் இருக்கிறது. அச்சில் வராத அறிவை விக்கிப்பீடியா ஏற்றுக்கொள்ளாது, பெண்களின் அறிவு பெரும்பாலும் அச்சில் வருவதில்லை. அதனால் அம்மாக்கள் சொல்வதை முதலில் நாமே பதிவு செய்து வைக்க வேண்டும். அந்த வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது, கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

இன்னும் வழிகள் இருக்கின்றன. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய வரைபடம் ஒன்று 2004 முதல் இருக்கிறது. போன் வரைபடங்களில் நம் பக்கத்து ரிசார்ட் எல்லாம் பெயரோடு இருக்கும். அங்கன்வாடி, ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி இருக்காது. அவற்றை நீங்கள் வைக்கலாம். தனி ஆட்களின் வீட்டை மட்டும் குறிக்காதீர்கள். குரல் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு மொசில்லா என்ற அமைப்பின் காமன் வாய்ஸ் இருக்கிறது. தமிழ் வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்தால், கம்ப்யூட்டருக்குத் தமிழ்ப் பேச்சு புரிய அது உதவும். இந்த மாதிரிச் சேகரிப்புகளில் ஆண் குரலே அதிகமாகச் சேருகிறது. நம் பாட்டி பேசினால் போனுக்குப் புரியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். சின்னப் பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

படம் எடுக்கப் பிடித்தால், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுங்கள். நம் மலையில் குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்து 2030. அப்போது வெளியூர்க் கேமராக்கள் வந்து குவியும். இப்போதே பழகி வைத்துக்கொண்டால் நம் பிள்ளைகள் எடுத்த படமும் அங்கே இருக்கும்.

டூர் வந்தவர்கள் என்னை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

ஒரு லீவு நாள். பதினைந்து வயதுப் பிள்ளை ரோட்டோரத் தோட்டத்தில் உட்கார்ந்து பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் அம்மாவின் பழைய துண்டு, முழங்கால்வரை சேறு. கார் நின்றது. இறங்கியவர்கள் சிரித்தார்கள், கை காட்டினார்கள். அவளும் மரியாதைக்குச் சிரித்தாள். மூன்றாம் நாள் கொடைக்கானலில் படிக்கிற அத்தை மகன் அந்த வீடியோவை அனுப்பினான். பின்னால் சினிமாப் பாட்டு, மேலே "இயற்கை அழகு" என்று எழுத்து, கீழே கமெண்ட்டுகள். அதில் பலவற்றை இங்கே எழுத எனக்குக் கை வராது. சனிக்கிழமை வந்தவள் என்னிடம் சொன்னது இதுதான்: "சேத்தோட இருந்தேன் அக்கா. கேட்டிருந்தா முகமாவது கழுவியிருப்பேன்."

பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. அதற்காகச் சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. முதலில் போட்டவருக்கே எழுதுங்கள். நாங்கள் என் கணக்கிலிருந்து எழுதினோம்: "இதில் இருப்பது 15 வயதுப் பிள்ளை. அவள் சம்மதம் இல்லை. எடுத்துவிடுங்கள்." அன்று ராத்திரியே எடுத்துவிட்டார், மன்னிப்பும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. எடுக்க மறுத்தால் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் என் தனியுரிமை மீறப்பட்டது என்று புகார் கொடுக்க வழி இருக்கிறது. அதற்குள் வேறு இரண்டு பேஜ்கள் அதை எடுத்துப் போட்டிருந்தன. புகார் கொடுத்தோம். ஒன்று போனது, ஒன்று இன்னும் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பிள்ளைகள் பஞ்சாயத்தில் கேட்டு, ஊருக்கு முந்தின வளைவில் ஒரு பலகை வைத்தார்கள். "ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள்" என்று தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும். எழுத்து கொஞ்சம் கோணல்தான். நிறுத்திக் கேட்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

என் முகத்தை வேறு படத்தில் ஒட்டி மிரட்டுகிறார்கள். யாரிடமும் சொல்ல முடியவில்லை.

முதலில் இதைக் கேள்: தப்பு செய்தது நீ இல்லை. ஒட்டுப் படமாக இருந்தாலும் சரி, நம்பி நீயே அனுப்பின படமாக இருந்தாலும் சரி, அதை வைத்து மிரட்டுகிறவன்தான் குற்றவாளி. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தையே வேறொரு பெண்ணின் வீடியோவில் ஒட்டிப் பரப்பினார்கள். அவ்வளவு பெயர் பெற்றவருக்கே நடக்கிறது.

பணம் கொடுக்காதே. இன்னொரு படமும் அனுப்பாதே. ஒரு தடவை கொடுத்தால் நிறுத்துவான் என்று தோன்றும், நிறுத்த மாட்டான். அவன் எழுதியதை, அவன் கணக்கின் பெயரை, லிங்க்கை, தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. அதற்கு அப்புறம் பிளாக் செய். படத்தைச் சாட்சி என்று நினைத்துத் தோழிகளுக்கு அனுப்பிவிடாதே. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் அப்படிப்பட்ட படத்தைக் கை மாற்றுவதே குற்றம்.

பிறகு நம்பர்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, சைபர் குற்றத்துக்கு 1930. தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது. குழந்தைகளின் ஆபாசப் படம் பற்றியதென்றால் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குழந்தைகளை ஆபாசமாகக் காட்டுகிற படத்தை உண்டாக்கிப் பரப்பினால் முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012இல் வந்த போக்சோ சட்டமும் சேரும். போலீஸ் என்றதும் எல்லாருக்கும் நடுக்கம். அதனால் அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்: பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்புகிற இடத்திலோ எடுக்க வேண்டும், முடிந்தவரை பெண் அதிகாரி எடுக்க வேண்டும், அவர் யூனிஃபார்மில் இருக்கக் கூடாது, ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெயரையோ பள்ளியையோ செய்தியில் வெளியிடக் கூடாது.

படம் பரவாமல் தடுக்க இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவில் குழந்தைகளுக்காக இயங்குகிற ஒரு மையம் நடத்தும் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை. படம் உன் போனை விட்டு வெளியே போகாது. படத்தின் விரல்ரேகை மாதிரி ஒரு எண்வரிசை மட்டும் போகும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்த எண்வரிசையை வைத்து அந்தப் படத்தைத் தேடி நீக்கும். 18 வயதைத் தாண்டிய பின் எடுத்த படம் என்றால் ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற சேவை. இந்த மாதிரிப் படம் பற்றிப் புகார் வந்தால் தளங்கள் 24 மணி நேரத்துக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது என்று 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்லின; 2026 பிப்ரவரியில் அந்தக் கெடுவை 2 மணி நேரமாகக் குறைத்தார்கள். ஒட்டுப் படத்துக்கும் இது பொருந்தும்.

இவ்வளவையும் தனியாகச் செய்யாதே. ஒரே ஒரு பெரியவரிடம் சொல். அம்மாவிடம் முடியாவிட்டால் சித்தி, டீச்சர், செவிலியர் அக்கா, நான். யாராவது ஒருத்தர்.

போனே கொடுக்காமல் இருந்தால் இந்தத் தொல்லையே வராதே? (ஒரு அப்பா கேட்டது)

அண்ணே, உங்கள் பயம் புரிகிறது. அதில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மேலே எழுதினேனே, அப்படி ஒரு மிரட்டலை ஒரு பிள்ளை இரண்டு மாதம் வாய் திறக்காமல் சுமந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா மொதல்ல போனை வாங்குவாங்க. அப்புறம் பள்ளிக்கூடத்த நிப்பாட்டுவாங்க. அப்புறம் மாப்பிள்ளை பாப்பாங்க" என்றாள். மிரட்டியவனுக்கும் அது தெரியும். அவன் கையில் இருந்தது படம் இல்லை அண்ணே, உங்கள் கோபம். "என்ன நடந்தாலும் போனை வாங்க மாட்டேன், என்கிட்ட சொல்லு" என்று நீங்கள் ஒரு தடவை சொல்லி வைத்திருந்தால் அவனுடைய மிரட்டலில் பாதி அன்றே செத்திருக்கும்.

கேரளத்தில் இது கோர்ட் வரை போனது. கோழிக்கோடு பக்கத்தில் ஒரு கல்லூரி விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவிகள் போன் தொடக் கூடாது என்று வைத்தார்கள். ஒத்துக்கொள்ளாத மாணவி ஃபஹீமா ஷிரினை விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. படிக்கிற நேரத்தில் போனை ஓரமாக வை என்று அப்பா சொல்வது வேறு விஷயம். அண்ணனுக்கும் அதே விதி இருந்தால் நான் உங்கள் பக்கம்தான்.

பள்ளியோ தொண்டு நிறுவனமோ எங்கள் படத்தைப் போடலாமா?

கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். பிள்ளையையும் கேட்க வேண்டும், பெற்றோரையும் கேட்க வேண்டும். "கையெழுத்து வாங்கிவிட்டோம்" என்பார்கள். படிக்கத் தெரியாத அம்மாவிடம் எதற்கென்று சொல்லாமல் வாங்கிய கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? இந்த மலையின் பழங்குடிகளான பளியர்களின் பிள்ளைகளுக்கு இது அதிகமாக நடக்கிறது. ஸ்வெட்டர் கொடுத்தால் ஒரு படம், நோட்டுக் கொடுத்தால் ஒரு படம். வாங்குகிற கையாகவே அந்தப் பிள்ளைகள் எப்போதும் தெரிகிறார்கள். அதே பிள்ளைகளில் ஒருத்தி தேன் எடுக்கப் போகிற அப்பாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். அதைப் போட அந்த நிறுவனங்களின் இணையப் பக்கங்களில் இடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு வீடியோ போட்டு ஏதாவது மாறியிருக்கிறதா?

நம் கொடைக்கானலிலேயே நடந்ததைச் சொல்கிறேன். இங்கே இயங்கிய தெர்மாமீட்டர் பேக்டரியின் பாதரசக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001இல் ஊர்க்காரர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். பேக்டரி மூடப்பட்டது. வேலை பார்த்தவர்கள் உடம்பு கெட்டு, நியாயம் கேட்டு வருடக் கணக்காக அலைந்தார்கள். 2015 ஜூலை கடைசியில் சோபியா அஷ்ரப் என்ற சென்னைப் பெண் அதைப் பற்றி ஒரு ராப் பாட்டு வீடியோ வெளியிட்டார். சில நாட்களுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை பார்க்கப்பட்டது. 2016 மார்ச்சில், அந்த பேக்டரியை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது.

பிள்ளைகள் இதைக் கேட்டதும் கைதட்டினார்கள். நான் கொஞ்சம் நிறுத்தினேன். அந்தப் பதினைந்து வருடமும் மனுவோடும் மருத்துவச் சீட்டோடும் நடந்தவர்கள் தொழிலாளர்கள். அவர்கள் நடந்திருக்காவிட்டால் பாட்டுக்குப் பொருளே இல்லை. பாட்டு வந்திராவிட்டால் வெளியூர் காது அவ்வளவு சீக்கிரம் திரும்பியிருக்காது. இரண்டும் வேண்டும்.

வீடியோ போட வேண்டும் என்றும் இல்லை. முதல்வரின் உதவி மையம் 1100க்குப் பேசலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, ஆன்லைனிலேயே கேள்வி கேட்கலாம். 2012இல் லக்னோவில் 10 வயதுப் பிள்ளை, காந்திக்குத் தேசத் தந்தை என்ற பட்டம் எப்போது எந்த உத்தரவால் கொடுக்கப்பட்டது என்று கேட்டு, அரசாங்கத்தையே கோப்பு தேட வைத்தாள். எங்கள் பிள்ளைகள் அம்மா பெயரில் எழுதிய முதல் மனு, சாயங்கால பஸ் ஏன் அடிக்கடி வருவதில்லை என்பதைப் பற்றி.

கமெண்டில் அசிங்கமாக எழுதுகிறார்கள். பதில் சொல்வதா, விடுவதா?

பெண்பிள்ளைகளின் உரிமைக்காக இயங்கும் பிளான் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2020இல் 22 நாடுகளில் 15 முதல் 25 வயதுக்குள் இருக்கிற 14,000 பெண்களைக் கேட்டபோது 58 சதவீதம் பேர் இணையத்தில் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆகவே உன்னிடம் ஏதோ குறை என்று நினைக்காதே. நீ சொன்ன விஷயத்தைப் பற்றிச் சண்டை போட்டால் பதில் சொல். உன் உடம்பைப் பற்றி, ஜாதியைப் பற்றி எழுதினால் ஸ்கிரீன்ஷாட், ரிப்போர்ட், பிளாக். கெட்ட வார்த்தைகளை வடிகட்டுகிற அமைப்பில் தமிழ்ச் சொற்களையும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழையும் நீயேதான் சேர்க்க வேண்டும். தோழிகள் நாலு பேர் நல்லபடி கமெண்ட் போட்டாலும் அந்த இடத்தின் காற்றே மாறும்.

இருக்கிற இடத்தை உடனே போடக் கூடாதா?

வேண்டாம். நமக்கு இருப்பதே ஒன்றிரண்டு பஸ். எந்தப் பிள்ளை எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு இறங்கும் என்று ஊருக்கே தெரியும். வீடு சேர்ந்த பிறகு போடுங்கள், மறுநாள் போட்டாலும் அழகு குறையாது.

எங்கம்மாவுக்குப் போனே பிடிக்கத் தெரியாது. அவர்களை எப்படிச் சேர்ப்பது?

பேச வையுங்கள், போதும். விக்கிப்பீடியாவில் வரி போய் அழுத அந்தப் பிள்ளை, போன மாதம் அடுப்புக்கு எதிரே போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்து அம்மாவைப் பேசச் சொன்னாள். முகம் வேண்டாம் என்று அம்மா சொன்னதால் கை மட்டும் தெரிகிறது. மேலே பரணில் பூண்டுக் கட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன, புகை மெதுவாக ஏறுகிறது. எந்தப் பல் விதைக்கு ஆகும், எது சமையலுக்குத்தான் ஆகும் என்று அமுக்கிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போகிறார். பதினொரு நிமிஷம். நடுவில் ஒரு தடவை பால் பொங்கிவிட்டது, அதையும் வெட்டவில்லை.

முடிந்ததும் அம்மா கேட்டது வீடியோவிலேயே பதிவாகியிருக்கிறது. "இதுல எம்பேரு வருமா?"

முழுப் பெயரையும் போட்டோம்.